பூனை ஜெயித்தது சரி, படகைக் கட்டியது யார்?

2025 மார்ச் 2 இரவு, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் 'ஃப்ளோ'வுக்கு என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து ஒரே அச்சில் வார்த்த பதிவுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. "பணம் முக்கியமில்லை, திறமை போதும்." "ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கனவும் இருந்தால் டிஸ்னியையே சாய்க்கலாம்." கல்லூரி கல்லூரியாகப் போய்த் தன்னம்பிக்கை உரை ஆற்றுபவர்களுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு இந்த ஒரு பூனை போதும்.

இந்தப் பதிவுகளை நம் தோழர்களும் பகிர்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதில் சொல்லப்படும் தகவல்கள் எல்லாம் உண்மை. அவற்றை வைத்துக் கட்டப்படும் கதைதான் பொய்.

முதலில் தகவல்கள். 'ஃப்ளோ' லாட்வியாவிலிருந்து வந்த படம். லாட்வியாவின் மொத்த மக்கள்தொகையே இருபது லட்சத்துக்கும் கீழே; சென்னை மாநகரில் பாதிகூட இல்லை. இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸுக்கு விருது வாங்கும்போது வயது முப்பது. வெள்ளம் சூழ்ந்த உலகில் ஒரு பூனை, ஒரு நாய், ஒரு கேபிபாரா, ஒரு லெமூர், ஒரு பெரிய பறவை என்று எல்லாம் ஒரே படகில் போகின்றன. படம் முழுக்க ஒரு வார்த்தை வசனம் கிடையாது. செலவு சுமார் 35 லட்சம் யூரோ, நம் கணக்கில் ஏறக்குறைய 32 கோடி ரூபாய். அதே மேடையில் போட்டியிட்ட பிக்சாரின் 'இன்சைட் அவுட் 2'வின் செலவு சுமார் 20 கோடி டாலர், அதாவது ஆயிரத்து எழுநூறு கோடி ரூபாய்க்குப் பக்கம். ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான பணத்தில் எடுத்த படம் ஜெயித்தது. மகிழ்ச்சிதான். எனக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒருவர் ஜெயித்ததைக் காட்டி, 'பார், கதவு திறந்துதான் இருக்கிறது, நீங்கள்தான் நுழையவில்லை' என்று சொல்வது நமக்குப் பழகிய வாதம். எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஒரு குடும்பத்தில் ஒரு பையன் ஐ.ஏ.எஸ். ஆனால், அந்த ஊரில் இனி யாருக்கும் எதுவும் தேவையில்லை என்று எழுதிவிடுவார்களே, அதேதான் இது. எனவே ஜெயித்தவரைப் பார்த்ததோடு நிற்காமல் தோற்றவர்களின் பட்டியலையும் பார்ப்போம்.

இந்த விருது 2002ஆம் ஆண்டு விழாவில்தான் தொடங்கியது. முதல் விருது ட்ரீம்வொர்க்ஸின் 'ஷ்ரெக்'குக்கு. அன்றிலிருந்து 2025 வரை மொத்தம் 24 விருதுகள். அதில் பிக்சார் வாங்கியது 11, டிஸ்னியின் சொந்த ஸ்டுடியோ வாங்கியது 4. பிக்சாரை டிஸ்னி 2006இல் விலைக்கு வாங்கிவிட்டது. ஆக, 24இல் 15 ஒரே வீட்டு அலமாரியில் இருக்கின்றன. மிச்சம் ஒன்பதில் சோனி, வார்னர், பாரமவுண்ட், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் உண்டு. ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ இரண்டு முறை வாங்கியது. அதில் முதலாவதான 'ஸ்பிரிட்டட் அவே'யை அமெரிக்காவில் வெளியிட்டதும் டிஸ்னிதான். (அந்த விருதை வாங்க மியாசாகி 2003இல் போகவில்லை. ஈராக் மீது குண்டு வீசும் நாட்டுக்குப் போக விருப்பமில்லை என்று பல வருடம் கழித்துச் சொன்னார். இதை எந்தத் தன்னம்பிக்கை உரையிலும் நான் கேட்டதில்லை.) பெரிய ஸ்டுடியோவின் பெயரும் இல்லாமல், கிப்லி போன்ற பழுத்த புகழும் இல்லாமல் ஒரு படம் ஜெயிக்க 24ஆவது முறை ஆயிற்று.

இனி தோற்றவை. ஈரானில் வளர்ந்த மர்ஜான் சத்ரபி தன் வாழ்க்கையைத் தானே வரைந்து எடுத்த 'பெர்சபொலிஸ்'; தோற்றது 'ரட்டடூயி'யிடம். பிரேசிலின் அலே அப்ரேயு எடுத்த 'பாய் அண்ட் த வேர்ல்ட்', பருத்திக் காட்டிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து நகரத்துக்கும் துரத்தப்படும் உழைப்பாளிகளை ஒரு சிறுவனின் கண்ணால் காட்டிய படம். தோற்றது 'இன்சைட் அவுட்' முதல் பாகத்திடம். அயர்லாந்தின் கில்கென்னி என்ற சிறு நகரிலிருந்து இயங்கும் கார்ட்டூன் சலூன் நான்கு முறை இறுதிப் பட்டியலுக்கு வந்தது: 'சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்', 'சாங் ஆஃப் த ஸீ', தாலிபன் ஆட்சியில் ஆண் உடை போட்டுக்கொண்டு குடும்பத்துக்குச் சோறு தேடும் சிறுமியின் கதையான 'பிரெட்வின்னர்', பிறகு 'உல்ஃப்வாக்கர்ஸ்'. நான்கிலும் தோல்வி. முறையே 'அப்', 'பிக் ஹீரோ 6', 'கோகோ', 'சோல்' ஆகியவற்றிடம். இப்போது சொன்ன ஆறு படங்களையும் வீழ்த்தியவை டிஸ்னி அல்லது பிக்சார் படங்கள்.

ஏழாவது ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

'ஃப்ளீ', 2021, டென்மார்க். ஆப்கானிஸ்தானிலிருந்து சிறுவனாகத் தப்பி, மாஸ்கோவில் ஒளிந்து வாழ்ந்து, ஆள் கடத்துபவர்களிடம் பணம் கொடுத்து, கடைசியில் டென்மார்க் வந்து சேர்ந்த ஒருவரின் சாட்சியம். அவர் தன்பாலின ஈர்ப்பாளர். அதையும் மறைத்தே வாழ்ந்தவர். இயக்குநர் யோனாஸ் போஹர் ராஸ்முசென் அவருக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே நண்பர். படத்தில் அவர் பெயர் அமீன், அது புனைபெயர். அவர் குரல் உண்மை, கதை உண்மை, முகம் மட்டும் வரைந்தது.

வன்கொடுமை வழக்குகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு விஷயம் எவ்வளவு பெரியது என்று தெரியும். பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டம். சரியான சட்டம். ஆனால் தொலைக்காட்சியில் என்ன நடக்கிறது? முகத்தை மங்கலாக்கி, குரலைக் கரகரவென மாற்றி, அழுகையை மட்டும் ஒலிபரப்புகிறார்கள். பார்ப்பவருக்கு அங்கே ஒரு மனுஷி இருப்பதே தெரிவதில்லை, ஒரு கலங்கல்தான் தெரிகிறது. 'ஃப்ளீ' இதற்கு வேறு பதில் சொன்னது. முகத்தை மறைத்த அதே கையால் ஒரு முகத்தைக் கொடுத்தது. அந்த முகம் யோசிக்கிறது, தயங்குகிறது, பொய் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உண்மையைச் சொல்கிறது. அனிமேஷன் என்றால் குழந்தைகளுக்கான பொம்மைப் படம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் அது.

ஆவணப்படம், சர்வதேசப் படம், அனிமேஷன் படம் என மூன்று பிரிவுகளிலும் ஒரே ஆண்டில் ஆஸ்கர் பட்டியலுக்கு வந்த முதல் படம் 'ஃப்ளீ'. மூன்றிலும் வெறுங்கையோடு திரும்பியது. அனிமேஷன் விருது டிஸ்னியின் 'என்கான்டோ'வுக்குப் போனது. அந்த 2022 விழாவில் அனிமேஷன் விருதை அறிவிக்க மேடைக்கு வந்தவர்கள் டிஸ்னி இளவரசிகளாக நடித்த மூன்று நடிகைகள். குழந்தைகள் இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், பெற்றோர்கள் சகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்கிற தொனியில் வேடிக்கையாகப் பேசினார்கள். ஓர் அகதியின் சாட்சியம் பட்டியலில் இருக்கும்போது பேசப்பட்ட பேச்சு அது. ஹாலிவுட்டிலேயே இதைக் கண்டித்து எழுதினார்கள்.

சரி, இதெல்லாம் தகுதி அடிப்படையில் நடந்த தேர்வுதானே, 'கோகோ' நல்ல படம்தானே என்று கேட்கலாம். 'கோகோ' நல்ல படம்தான். நான் அழுதுகொண்டே பார்த்த படம். கேள்வி அதுவல்ல. ஓட்டுப் போட்டவர்கள் ஐந்து படங்களையும் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லை! அகாடமி உறுப்பினர்கள் தாங்கள் ஓட்டுப் போடும் பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற பொது விதி வந்ததே 2025 ஏப்ரலில்தான். 'ஃப்ளோ' ஜெயித்து ஒரு மாதம் கழித்து. அதுவரை அனிமேஷன் பிரிவில், வீட்டுப் பிள்ளைகள் எதைப் பார்த்தார்களோ அதற்கு ஒரு குத்து. 2015இல் 'சாங் ஆஃப் த ஸீ'யும் ஜப்பானின் 'இளவரசி ககுயா'வும் பட்டியலில் இருந்தன. 'லெகோ மூவி' விடுபட்டிருந்தது. பெயர் சொல்லாத உறுப்பினர் ஒருவர் 'ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' இதழிடம் கொதித்தார்: யாருமே பார்க்காத இந்த இரண்டு சீனப் படங்களுக்காக 'லெகோ'வை விட்டுவிட்டார்களே என்று, இடையில் கெட்ட வார்த்தைகளும் சேர்த்து. ஒன்று ஐரிஷ் படம், இன்னொன்று ஜப்பானியப் படம். இரண்டையும் பார்க்கவில்லை, எந்த நாடு என்றும் தெரியவில்லை. ஆனால் ஓட்டு இருக்கிறது. உலகத்தின் 'சிறந்த' படத்தைத் தேர்வு செய்யும் தகுதி இருக்கிறது.

2012இல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நாளேடு அந்த ஓட்டாளர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தது. 94 விழுக்காடு வெள்ளையர், 77 விழுக்காடு ஆண்கள். சமூகவியல் வகுப்பில் பண்பாட்டு மூலதனம் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். இந்த இரண்டு எண்களை எழுதியிருந்தாலே போதும்.

முன்பெல்லாம் இறுதிப் பட்டியலை அனிமேஷன் துறையைச் சேர்ந்தவர்களும் ஒரு குழுவும் உட்கார்ந்து படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் கார்ட்டூன் சலூன் போன்ற சிறு நிறுவனங்கள் பட்டியல்வரையாவது வர முடிந்தது. 2017இல் அந்தக் கதவை எல்லா உறுப்பினர்களுக்கும் திறந்துவிட்டார்கள். கேட்பதற்கு ஜனநாயகம் மாதிரி இருக்கும். துறை தெரிந்தவரின் ஓட்டைத் தெரியாதவரின் ஓட்டுகளுக்கு நடுவே கரைத்துவிட்டால், சுவரொட்டி அதிகம் ஒட்டியவருக்குத்தான் லாபம். அந்த ஆண்டே 'பாஸ் பேபி' பட்டியலுக்குள் வந்தது. பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுவரொட்டி என்றேன். அது சும்மா சொன்ன உவமை இல்லை. ஆஸ்கருக்குத் தகுதி பெறவே அமெரிக்காவின் ஆறு பெருநகரப் பகுதிகளில் ஒன்றில் ஏழு நாள் தொடர்ந்து காசு வாங்கித் திரையிட வேண்டும். பிறகு உறுப்பினர்களுக்கான சிறப்புத் திரையிடல்கள், விருந்துகள், நேர்காணல்கள், சாலையோர விளம்பரப் பலகைகள், இதழ்களில் 'தங்கள் கனிவான பரிசீலனைக்கு' என்று முழுப்பக்க விளம்பரங்கள். இதற்கென்றே தொழில்முறை ஆலோசகர்கள் இருக்கிறார்கள். படம் எடுக்கப் பட்ட கடனோடு இந்தக் கடனையும் யார் தலையில் கட்டுவது?

இனி 'ஃப்ளோ'வின் படகுக்கு வருவோம். தனி ஒரு பூனை நீந்தி வரவில்லை. அதற்குப் படகு இருந்தது. அந்தப் படகைக் கட்டியவர்கள் மூவர்.

முதலாவது பொதுப்பணம். லாட்வியாவின் தேசியத் திரைப்பட மையம் பணம் கொடுத்தது. பிரான்சும் பெல்ஜியமும் கூட்டுத் தயாரிப்பில் சேர்ந்தன. ஆர்ட்டே என்ற பொதுத் தொலைக்காட்சி உள்ளே வந்தது. இருபது லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாடு, தன் மொழியில் ஒரு வார்த்தைகூட இல்லாத படத்துக்கு, போட்ட காசு திரும்புமா என்று தெரியாமலே வரிப்பணத்தைக் கொடுத்தது. "அரசாங்கம் எதற்கு சினிமா எடுக்க வேண்டும்" என்று கேட்கும் அதே ஆட்கள்தான் இங்கே அந்தப் பூனையின் படத்தைப் பகிர்கிறார்கள்.

இரண்டாவது பிளெண்டர். அந்தப் படம் முழுவதும் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவானது. 'இலவசம்' என்றதும் யாரோ வள்ளல் கொடுத்தது போலத் தோன்றும். இல்லை. பிளெண்டரை உருவாக்கிய நெதர்லாந்துக்காரர் டோன் ரோசெண்டாலின் நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. மென்பொருளின் மூல நிரல் முதலீட்டாளர்கள் கையில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க அவர்கள் கேட்ட விலை ஒரு லட்சம் யூரோ. உலகம் முழுக்க இருந்து பயனர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஏழே வாரத்தில் அந்தப் பணத்தைச் சேர்த்து, நிரலை மீட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள். அன்றிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அதைத் திருத்தி வளர்த்து வருகிறார்கள். இருபது வருடம் கழித்து, ஸில்பலோடிஸ் பெரிய கணினிக் கூடம் எதுவும் இல்லாமல் தன் மேசைக் கணினியிலேயே படத்தின் இறுதிக் காட்சிகளை எடுக்க முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் இந்த வசூல் இருக்கிறது. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. யாரும் இறைக்கலாம், யாரையும் தடுக்க முடியாது. மென்பொருள்களுக்கு மாதச் சந்தா கட்டும் இந்தக் காலத்தில் இதன் அருமை தனியார் அனிமேஷன் பயிற்சி மையத்தில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய மாணவருக்குத் தெரியும்.

மூன்றாவது, காலம். ஐந்து வருடத்துக்கும் மேல். நடுவில் பசி இல்லாமல் ஐந்து வருடம் ஒரே வேலையைச் செய்ய எத்தனை பேரால் முடியும்? இதைத்தான் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் 'விடாமுயற்சி' என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துபோகிறார்கள்.

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டோம். நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. வழக்கமாக வெளிநாட்டுப் படம் என்றால் கீழே ஓடும் எழுத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளை முன்னால் உட்காரும், படிக்கத் தெரியாதது பின்னால் நழுவிவிடும். அன்று அப்படி நடக்கவில்லை. வசனமே இல்லாததால் எல்லோரும் ஒரே தரையில். படகின் துடுப்பை அந்தப் பறவை பிடிப்பது நியாயமா என்று பெரிய சண்டை. ஒரு பையன் கேட்டான், "அக்கா, இது டிஸ்னியா?" இல்லை என்றதும், "அப்போ யாரு?" என்றான். டிஸ்னி இல்லாமல் யாருக்குமே கார்ட்டூன் எடுக்க உரிமை இல்லை என்பது மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. அவன் மேல் தப்பில்லை. வேறு எதை நாம் காட்டினோம்?

அடுத்து, தனிப் பிரிவு என்கிற யோசனை. சின்னப் படங்களுக்கு என்று தனி விருது கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று பலர் நினைக்கிறார்கள். அனிமேஷன் துறைக்கே உரிய ஆனி விருதுகள் இதைச் செய்தன. 2016 விழாவில் 'சிறந்த சுயாதீனப் படம்' என்று ஒரு பிரிவைத் தொடங்கி, முதல் விருதை 'பாய் அண்ட் த வேர்ல்ட்'டுக்குக் கொடுத்தார்கள். 2025இல் என்ன ஆயிற்று? 'சிறந்த படம்' ட்ரீம்வொர்க்ஸின் 'வைல்ட் ரோபாட்'டுக்கு, 'சிறந்த சுயாதீனப் படம்' 'ஃப்ளோ'வுக்கு. இதில் ஒரு வேடிக்கை, சிறந்த திரைக்கதைக்கான விருதில் அப்படிப் பாகுபாடு இல்லை. அதை எல்லோரோடும் போட்டியிட்டு 'ஃப்ளோ'வே வாங்கியது, ஒரு வசனம்கூட இல்லாத படம்! எழுத்தில் எல்லோரையும் மிஞ்சிய படம், 'படம்' என்று வரும்போது மட்டும் பக்கத்து வரிசைக்குப் போய்விட வேண்டும்.

இதை இட ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டு ஆதரித்து எழுதிய ஒரு தோழரோடு எனக்கு நீண்ட வாக்குவாதம் நடந்தது. என் பதில் இதுதான். இட ஒதுக்கீடு என்பது அதே பந்தியில் நமக்கு உரிய இலை. தனிப் பிரிவு என்பது திண்ணையில் போடும் இலை. சாப்பாடு ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் உள்ளே யார் உட்கார்ந்தார்கள் என்பதை ஊர் பார்க்கிறது. சின்னப் படங்களுக்குத் தேவை தனி மேடை இல்லை. பொது மேடையில் ஏறப் படிக்கட்டு. திரையிடலுக்கு நிதி, விநியோகத்துக்கு நிதி, ஓட்டுப் போடுபவர் படத்தைப் பார்த்தாக வேண்டும் என்ற விதி. அந்த விதி ஒன்று வருவதற்கே 97 விழாக்கள் தேவைப்பட்டன.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். பெரிய ஸ்டுடியோ கெட்டது, சின்னது நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய ஸ்டுடியோவுக்குள்ளே இருப்பவர்களும் உழைப்பாளிகள்தான். 'இன்சைட் அவுட் 2' வெளியாவதற்குச் சில வாரம் முன், 2024 மே மாதம், பிக்சார் தன் ஊழியர்களில் சுமார் 14 விழுக்காட்டை, ஏறக்குறைய 175 பேரை, வீட்டுக்கு அனுப்பியது. படம் உலகம் முழுக்க 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் வேலை செய்த சுமார் நூறு கலைஞர்கள் படம் முடிவதற்குள் வெளியேறிவிட்டதாக அதில் இருந்தவர்களே 'வல்ச்சர்' இதழிடம் பெயர் மறைத்துச் சொன்னார்கள். தினமும் பதினோரு மணி நேரம், வாரம் ஏழு நாளும் என்றார்கள். திரையில் ஒவ்வொரு சட்டகமும் ஓவியம் மாதிரி இருக்கிறதே என்று வாய் பிளந்து பார்த்தோமே, அந்தச் சட்டகங்கள்தான்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் ஊரில் இருக்கிறது. 'லைஃப் ஆஃப் பை' நினைவிருக்கிறதா? புதுச்சேரிப் பையனும் புலியும். அந்தப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவாலானதாக மனுப் போட்டது. அதே மாதம் அந்தப் புலிக்கு ஆஸ்கர். விருது வாங்கியவர் நிறுவனத்தின் நிலைமையைச் சொல்ல ஆரம்பித்தபோது 'ஜாஸ்' படத்தின் சுறா இசையைப் போட்டு மைக்கை அணைத்தார்கள். வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பதாகையோடு நின்றார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில், 'முஃபாசா' படத்தின் சிங்கங்களை உருவாக்கிய எம்.பி.சி.யின் தாய் நிறுவனமான டெக்னிகலர் விழுந்தது. பெங்களூரிலும் மும்பையிலும் சுமார் 3,000 பேருக்கு வேலை போனதாக அப்போது நாளேடுகள் எழுதின. அடுத்த வாரமே ஆஸ்கர் விழா. பூனைக்குக் கை தட்டிய நம்மில் எத்தனை பேர் அந்தப் பெங்களூர் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எழுதினோம்?

சுயாதீனப் படங்களிலும் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 'கலைக்காகச் செய்' என்று சொல்லிச் சம்பளம் குறைப்பதில் சின்னவர், பெரியவர் வித்தியாசமில்லை. படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைக் கடைசிவரை பாருங்கள். எந்த நாட்டுப் பெயர்கள் முதலில் வருகின்றன, எவை பொடி எழுத்தில் கடைசியில் வருகின்றன என்று கவனியுங்கள்.

அதே 2025 மார்ச் 2 இரவு குறும் அனிமேஷன் விருது ஈரானின் 'இன் த ஷேடோ ஆஃப் த சைப்ரஸ்' படத்துக்குப் போனது. கவனம் 'ஃப்ளோ' மேல் இருந்ததால் பலர் பார்க்கவில்லை. அதை எடுத்த ஷிரின் சோஹானி, ஹொசெய்ன் மொலாயெமி இருவருக்கும் கடைசி நேரம்வரை விசா கிடைக்கவில்லை. விழா தொடங்கச் சில மணி நேரம் முன்புதான் வந்து இறங்கினார்கள். அந்தப் படத்தைத் தயாரித்தது கானூன். ஈரானில் சிறுவர்களுக்காக இயங்கும் பொது நிறுவனம். போர் தடுத்தும், பொருளாதாரத் தடை தடுத்தும், சொந்த அரசே கலைஞர்களின் கழுத்தைப் பிடித்தும், அறுபது வருடமாக அப்படி ஒரு நிறுவனம் அங்கே இருக்கிறது.

நம்மிடமும் இருந்தது. 1956இல் மும்பையில் ஃபிலிம்ஸ் டிவிஷன் ஒரு கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது. டிஸ்னியில் 'பாம்பி'யில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் வந்து நம் கலைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பிரிவு 1957இல் எடுத்த 'ஆலமர மான்' எந்தப் புராணத்திலிருந்தும் வரவில்லை. புத்த ஜாதகக் கதை. சூல்கொண்ட ஒரு மானுக்குப் பதிலாகத் தானே வெட்டுக்கட்டையில் தலை வைக்கும் மான் அரசன். தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும் 'ஏக் அனேக் அவுர் ஏக்தா'வும் 1974இல் அதே நிறுவனத்திலிருந்து வந்ததுதான். சிறுவர் படங்களுக்கென 1955இலேயே தனிச் சங்கம் அமைத்தார்கள். 2022இல் ஃபிலிம்ஸ் டிவிஷன், சிறுவர் திரைப்படச் சங்கம், திரைப்பட ஆவணக் காப்பகம் எல்லாவற்றையும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் என்ற ஒரே குடையின் கீழ் தள்ளி மூடினார்கள். அதே சமயத்தில் சந்தையில் மிச்சம் இருப்பது என்ன? 2025இல் வசூலைக் குவித்த 'மகாவதார் நரசிம்மா'. பிள்ளைகளிடம் 'பீம்' என்றால் லட்டு தின்னும் சோட்டா பீம். நம் வீட்டுச் சுவரில் கோட்டும் கண்ணாடியுமாக இருக்கும் பீமை யார் வரைந்து ஓட விடுவது? புத்தகத்தில் 'பீமாயணா' வந்தது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்ட் ஓவியர்கள் அம்பேத்கரின் வாழ்வைத் தங்கள் மரபில் வரைந்தார்கள். அதைப் புரட்டிய எந்தப் பிள்ளையும் அந்த மீன்களும் பறவைகளும் அசையாதா என்று ஒருமுறையாவது நினைத்திருக்கும்.

தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷனுக்கு என்று பட்டப்படிப்பே இருக்கிறது. தனியார் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் அங்கே நான்கு வருடம் படித்து முடித்த ஒரு மாணவி, பெங்களூரில் அடுத்த டெக்னிகலருக்குச் சிங்கத்தின் பிடரி மயிரை வரையப் போகாமல், தன் தெருவின் கதையை ஒன்றரை மணி நேரப் படமாக எடுக்க வேண்டும் என்று நினைத்தால், எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்? செய்தித்துறை அமைச்சருக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், அந்த ஒரே கேள்வியோடு. மாணவர் அமைப்புகளில் இருப்பவர்கள் அதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.